காரைக்குடிக் கதவும் எங்கள் தோப்பு வேம்பும்

புது வீட்டுக்குக் குடிவந்து இரண்டு ஆடிக்காற்றும் இரண்டு ஐப்பசி மழையும் பார்த்தாயிற்று. கதவு ஜன்னலைப் பற்றி எழுதுவதற்கு அதுவரை காத்திருந்தேன். மாட்டிய அன்றைக்கு எந்தக் கதவும் அழகாகத்தான் இருக்கும். காரைக்குடிக்குப் போய்ப் பழைய கதவு வாங்கலாமா, யு.பி.வி.சி. என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் தாங்குமா, சொந்த மரத்தை அறுத்துப் போடலாமா என்று சொந்தக்காரர்களும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மூன்றையும் செய்தவள் நான். எது எப்படி இருக்கிறது என்று நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோப்பு உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் இருக்கிறது. மேற்கே பார்த்தால் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கிற அந்த இடைவெளி வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் ஊருக்குள் பாய்கிறது. வைகாசிக் கடைசியில் பிடித்தால் ஆவணி வரைக்கும் விடாது. உடுமலை, பல்லடம் சுற்று வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். பெருமழை வருவதோ வேறு திசையில், ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்கிலிருந்து. ஆக மேற்குச் சுவர் காற்றையும் புழுதியையும் சாரலையும் வாங்குகிறது. வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் மழையை வாங்குகின்றன. இது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் இன்ஜினியர் கொண்டுவந்த வரைபடத்தில் நாலு சுவருக்கும் ஒரே ஜன்னல்: ஐந்தடி அகலம், நாலடி உயரம், தரையிலிருந்து மூன்றடிக்கு மேலே.

அந்தத் தாளை முதலில் மறுத்தது என் மாமியார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. பழைய சாளையில் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். மண்சுவர், நாட்டு ஓடு, ஆசாரம் என்று நாங்கள் சொல்லும் ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான் அந்தச் சாளை. ஆனால் ஆசாரத்து ஜன்னல் தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கும். அத்தை பாயில் உட்கார்ந்து தேங்காய் நார் உரித்தபடியே கட்டுத்தறியைப் பார்ப்பார். எந்த மாடு கயிற்றைச் சுற்றிக்கொண்டது, எந்தக் கன்று பால் குடிக்கப் போகிறது என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். "மூணடிக்கு மேல ஜன்னல் வெச்சா நான் ஆகாசத்தத்தான் பாக்கோணும் கண்ணு" என்றார். நாற்காலியில் உட்காருகிறவர்களுக்காக வந்த அளவு அந்த மூன்றடி. தரையில் உட்கார்ந்து தரையில் படுக்கிற வீட்டில் ஜன்னலும் கீழே இருந்தால்தான் காற்று உடம்பில் படும். தோட்டத்து வீடு கட்டுகிறவர்கள் ஓடு, தூண், திண்ணை என்று எல்லாவற்றையும் பழைய மாதிரி வைத்துவிட்டு ஜன்னலை மட்டும் அடுக்குமாடி வீட்டு உயரத்தில் வைத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று தோன்றும், என்னவென்று பிடிபடாது. அந்த ஜன்னல் உயரம்தான் அது.

ஆசாரத்துக் கிழக்கு ஜன்னல் இரண்டையும் ஒன்றே முக்கால் அடியில் வைத்தோம். முன்வாசலுக்கும் அந்த இரண்டு ஜன்னலுக்கும் பழைய தேக்கு, உள்ளறைகளுக்கும் பின்கட்டுக்கும் தோப்பு வேம்பு, குளியலறைகளுக்கும் மேற்கே உள்ள படுக்கையறைக்கும் யு.பி.வி.சி. என்று முடிவானது. கடைசியாகச் சொன்ன படுக்கையறை விஷயத்தில்தான் தவறு நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

காரைக்குடிக்குத் திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி வழியாகப் போனோம். விடிகாலையில் கிளம்பி, சாப்பிட நிறுத்தியது போக, பத்தரைக்கெல்லாம் பழைய சாமான் விற்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் இருந்தோம். அந்தத் தெருவுக்குப் புதிதாகப் போகிறவர்கள் முதல் அரைமணி நேரம் எதையும் விலை கேட்காதீர்கள். எனாமல் தூக்குவாளி, பெல்ஜியம் கண்ணாடி, மரப்பாச்சி, ஊறுகாய் ஜாடி என்று கண் அலையும். அந்த மயக்கம் தெளிந்த பிறகு கதவு அடுக்கியிருக்கும் கொட்டகைக்குப் போங்கள். நிறையக் கடைகளில் நல்ல கதவுகள் பின்னால் உள்ள கிடங்கில்தான் கிடக்கின்றன. கேட்டால் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள்.

நான் வாங்கிய கடையின் பெரியவரிடம் எனக்குப் பிடித்தது, அவர் விற்கிற அவசரத்தில் இல்லை என்பது. நான் முதலில் கை வைத்தது மேலே கஜலட்சுமி செதுக்கிய ஒரு பெரிய நிலவு. நிலவு என்று நாங்கள் சொல்வது வாசக்காலை. அவர் என் சுவர் அகலம் என்ன, கூரை உயரம் என்ன என்று கேட்டார். சொன்னேன். "இது உங்க வீட்டுக்குப் பெருசும்மா. வீடு சின்னதாத் தெரியும்" என்று அவரே சொல்லி, உள்ளே கூட்டிப்போனார். அங்கேதான் எங்கள் வாசல் கிடைத்தது. ஆறரை அடி உயரம், நாலடி அகலம், இரட்டைக் கதவு. செதுக்கல் என்று பார்த்தால் நிலவின் ஓரத்தில் ஓடும் ஒரு கொடி மட்டும்தான். உட்பக்கம் கணையம் என்கிற குறுக்குக் கட்டை போடுவதற்கு இரண்டு பக்கமும் பள்ளம். கதவு கீலில் தொங்கவில்லை, குடுமியில் சுழல்கிறது. அரையடி நீளச் சாவியும் கூடவே இருந்தது.

இந்தக் குடுமிக் கதவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கதவுப் பலகையின் ஓரத்தில் மேலும் கீழும் முளைபோல் நீண்டிருக்கும் மரம் நிலவில் உள்ள குழியில் உட்கார்ந்து சுற்றும். எடை முழுவதும் கீழ்க் குழியில் இறங்கும். அதனால் கதவை மட்டும் தனியாக வாங்கி வந்து புது நிலவில் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. குடுமியை வெட்டிக் கீல் அடிப்பார்கள். அவ்வளவு கனமான கதவைக் கீல் ஆணி தாங்காது, ஆறு மாதத்தில் கதவு தரையில் உரசும். நிலவும் கதவும் ஒரே ஜோடியாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

பழைய மரம் பார்க்க எங்கள் ஆசாரியையும் கூடக் கூட்டிப்போயிருந்தோம். ஒரு நாள் கூலியும் சாப்பாடும் கொடுத்தோம்; இந்த வீட்டில் செலவழித்ததிலேயே அதிகம் பயன்பட்ட பணம் அதுதான். அவர் கதவைப் பார்க்கவே இல்லை. நேராக நிலவின் கால் இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தார். தரையில் புதைந்து நின்ற இடம் அதுதான். கரையான் ஏறுவதும் ஈரம் ஏறுவதும் அங்கேதான். சாவி முனையால் குத்தினார், இறங்கவில்லை. விரல் முட்டியால் கீழிருந்து மேல் வரை தட்டிக்கொண்டே போனார். ஒரு காலில், தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் சத்தம் மாறியது. பெரியவர் உடனே, "அங்க ஒட்டுப் போட்டிருக்கும்மா, செட்டிநாட்டு வீட்டுலேயே போட்டது, தேக்குலதான் போட்டிருக்கு" என்றார். சுரண்டிப் பார்த்தால் அவர் சொன்னது சரி. மறைக்கவில்லை என்பதற்காகவே அந்த நிலவின் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

இதற்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு கடையில் எங்களுக்கு நேர்மாறான அனுபவம். நூறு வருடத்துக் கதவு என்று காட்டினார்கள். கறுப்புப் பாலிஷ் கனமாகப் பூசியிருந்தது. பின்பக்கம் திருப்பினால் வட்ட ரம்பம் அறுத்த வளைகோடுகள் ஒரே சீராகத் தெரிந்தன. கையால் வேலை செய்த பழைய பலகையின் பின்பக்கம் அப்படி இருக்காது. வாய்ச்சி கொத்திய பள்ளங்கள் ஒழுங்கில்லாமல் இருக்கும், தடவினால் அலை அலையாகக் கைக்குத் தெரியும். ஆணியைப் பாருங்கள், கொல்லன் அடித்த ஆணியின் தலை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். நிலவின் முனையில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு சீவல் சீவச் சொல்லி மோந்து பாருங்கள். பழைய தேக்கு உள்ளே இன்னும் எண்ணெய்ப் பிசுக்கோடு மணக்கும். சீவ விடமாட்டேன் என்கிற கடையில் எங்கள் ஆசாரி நிற்கவில்லை.

நிலவும் கதவும் சேர்த்து 78,000 சொன்னார், 64,000க்கு முடிந்தது. ஜன்னல் இரண்டும் கம்பியோடு 17,000. லாரி வாடகை தனி. அதிகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஏழடிக்கு மூன்றரை அடி நிலவு, ஐந்துக்கு நாலு அங்குலச் சட்டம் என்றால் ஏறத்தாழ 3 கன அடி மரம் வேண்டும். இது நிலவு மட்டும். நல்ல புதுத் தேக்குக்கு எங்கள் பக்கத்து மரக்கடையில் கன அடி 5,000க்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. அதன் மேல் இரட்டைக் கதவுக்கு மரம், கூலி, பாலிஷ். காரைக்குடி விலை அதைவிடக் கூடுதல்தான், ஆனால் பலர் பயப்படுகிற அளவுக்கு இல்லை. இப்போது விற்கிற தோட்டத் தேக்கில் வெளிப்பக்கத்து வெள்ளை மரம் அதிகம், உள்ளே இருக்கும் கெட்டியான வைரம் கொஞ்சம். இந்த நிலவில் வெள்ளை என்று தேடினாலும் காணோம்.

ஆனால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எனக்கு மனசு சரியில்லை. நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் அங்கிருந்து கப்பலில் வந்த தேக்கு இது. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொழில் குலைந்தது. பிறகு வந்த தலைமுறைகளில் ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள், ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு நாடு. யாரும் ஓடு மாற்ற முடியாமல் வீடு ஒழுகி, கடைசியில் இடித்துத் தூண் தூணாக, கதவு கதவாக விற்றுவிடுகிறார்கள். அதில் ஒன்றைத்தான் நான் கொண்டுவந்திருக்கிறேன். நல்ல நிலையில் நிற்கிற வீட்டிலிருந்து எனக்காகப் பெயர்த்து எடுத்ததாக இருந்தால் வேண்டாம் என்று பெரியவரிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். கூரை விழுந்து நாலைந்து வருடமான வீடு என்றார். கஜலட்சுமி வாசலை விட்டதற்கு அளவு மட்டும் காரணமில்லை. ஒரு குடும்பம் தலைமுறையாக விளக்கேற்றிக் கும்பிட்ட உருவத்தை என் வீட்டு அலங்காரமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வேலை மூன்று வாரம் இழுத்தது. கதவின் மேல் பச்சை, நீலம், காவி என்று மூன்று அடுக்கு எனாமல் பெயின்ட். காஸ்டிக் சோடா ஊற்றினால் ஒரே நாளில் போய்விடும் என்று பலர் சொன்னார்கள். ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை, தேக்கு கறுத்துவிடும், பொருத்துகளுக்குள் இறங்கியது வெளியே வராது என்றார். சூடு காட்டிச் சுரண்டி எடுத்தார்கள். பிறகு ஆளி விதை எண்ணெய் மூன்று முறை பூசினார்கள். வார்னிஷ் அடிக்கவில்லை. வெயில் படுகிற கதவில் வார்னிஷ் தோல்போல் உரியும், உரிந்தால் முழுக்கச் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும். எண்ணெய் என்றால் வருடத்துக்கு ஒருமுறை துணியில் நனைத்து நானே துடைத்துவிடுகிறேன். சுவருக்குள் மறையும் நிலவின் முதுகுப் பக்கத்துக்கு மட்டும் தார் பூசினோம். யாரும் பார்க்காத பக்கம் என்று அதை விட்டுவிடாதீர்கள். சிமென்ட் ஈரம் அந்த வழியாகத்தான் மரத்துக்குள் போகிறது.

நிலவோடு சேர்த்து உயரம் ஆறரை அடி. நிலவுச் சட்டமும் வாசப்படியும் போக உள்ளே நுழைய ஐந்தே முக்கால்தான் கிடைக்கும். என் வீட்டுக்காரர் ஆறடி. குனிந்துதான் வருகிறார், இரண்டு முறை இடித்துக்கொண்டார், இப்போது பழகிவிட்டது. உங்கள் வீட்டில் குனிய முடியாத வயதானவர்கள் உயரமாக இருந்தால் இந்த வகையை வாங்காதீர்கள். வாசப்படியும் கொஞ்சம் உயரம். பாம்பு, எலி, மழைத் தண்ணீர் எதுவும் உள்ளே வராது, ஆனால் மூட்டுவலிக்காரர்களுக்குக் கஷ்டம். அத்தைக்காகப் பக்கத்தில் சுவரில் ஒரு பிடி வைத்திருக்கிறோம்.

இனி வேம்பு. கிணற்றடியில் பட்டுப்போகும் நிலையில் இரண்டு மரம் நின்றன, மாமனார் வைத்தவை. மாசி மாதத் தேய்பிறையில் வெட்டி, அறுத்து, பலகைகளைக் கிணற்றுத் தொட்டியில் ஒன்றரை மாதம் ஊறப்போட்டோம். மரத்துப் பால் தண்ணீரில் இறங்கிவிட்டால் வண்டு துளைக்காது என்பது இங்குள்ள வழக்கம். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறி நாற்றம் எடுத்தது, இரண்டு தடவை மாற்றினோம். பிறகு மாட்டுக்கொட்டகை ஓரம், வெயில் படாமல், பலகைக்குப் பலகை ரீப்பர் வைத்து அடுக்கி, மேலே கல் ஏற்றி ஒரு வருடம் விட்டோம். வேம்பின் குறை இதுதான், காயாமல் வேலைக்கு எடுத்தால் முறுக்கிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் கரையான் எளிதில் வராது. வீடு கட்டத் தொடங்குகிற அன்றைக்கு மரத்தை நினைத்தால் நேரம் போதாது; அஸ்திவாரம் தோண்டுவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே வெட்டிவிடுங்கள்.

பின்கட்டுக் கதவை மட்டும் குறுக்கே இரண்டாகப் பிரித்துச் செய்யச் சொன்னேன். கீழ்ப்பாதி தனி, மேல்பாதி தனி. சமைக்கும்போது கீழ்ப்பாதியைச் சாத்தி மேல்பாதியைத் திறந்துவிட்டால் புகை போகும், வெளிச்சம் வரும், கோழியும் நாயும் உள்ளே வராது. இந்த வீட்டில் நான் தினமும் தொட்டுச் சந்தோஷப்படுகிற பொருள் என்றால் அந்த வேப்பங்கதவுதான்; 64,000 ரூபாய் வாசல் அதற்கு அடுத்துத்தான்.

இப்போது யு.பி.வி.சி. குளியலறைக் கதவு ஜன்னல்களில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் பட்டு ஊதவில்லை, நிறம் மாறவில்லை. மேற்குப் படுக்கையறைக்கு மட்டும் அகலமான இழுக்கும் ஜன்னல் போடச் சொன்னார்கள், மலை தெரியும் என்று. எங்களுக்கும் ஆசை. முதல் ஆடியிலேயே தெரிந்துவிட்டது. இழுக்கும் ஜன்னலில் இடைவெளியை அடைப்பது தூரிகை மாதிரி ஒரு நார்தான். அதன் வழியாகச் செம்மண் புழுதி நுழைந்து கீழ்த் தடத்தில் நிரம்பியது. தண்ணீர் வெளியே போக வைத்த துளைகள் அடைபட்டன. சாரல் அடித்த இரவில் தடம் நிரம்பிக் கட்டில் வரைக்கும் தண்ணீர். காற்று வேகம் கூடினால் இரவு முழுக்க விசில் சத்தம். கம்பெனிக்குப் போன் செய்தேன். "ஜன்னல் சரியாத்தான் இருக்குங்க, உங்க ஊர்க் காத்து அப்படி" என்றார்கள். எங்கள் ஊர்க் காற்று எப்படி என்று கேட்டுவிட்டு ஜன்னல் கொடுத்திருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. அளவெடுக்க வந்தவர் தை மாதம் வந்தார், காற்றே இல்லாத நாளில்.

அந்த ஜன்னலைக் கழற்றி, சுவரைப் பாதி அடைத்து, இரண்டடிக்கு மூன்றடியில் இரண்டு சின்ன ஜன்னலாக மாற்றினோம். இதுவும் யு.பி.வி.சி.தான், வேறு ஆளிடம். ஆனால் வெளிப்பக்கம் திறக்கிற கதவு வகை. இது ஆசாரி சொன்ன யோசனை. "உள்ள தெறக்கற கதவ காத்து தள்ளித் தெறக்கும் அம்மிணி. வெளிய தெறக்கறத காத்தே அமுத்திச் சாத்தும்" என்றார். சுற்றிலும் ரப்பர் இருக்கிறது, காற்று அடிக்க அடிக்கக் கதவு அதன் மேல் அழுந்துகிறது. இரண்டாவது ஆடியில் ஒரு பிடி மண்கூட உள்ளே வரவில்லை. திறந்து வைக்கும்போது மட்டும் கொக்கியை மறக்கக் கூடாது. மறந்தால் சுவரில் மோதும் சத்தம் பக்கத்துத் தோட்டம் வரை கேட்கும்.

கொசுவலை எல்லா ஜன்னலுக்கும் துருப்பிடிக்காத எஃகு வலைதான். பைபர் வலையைத் தோப்பு எலி ஒரே இரவில் கடித்துவிட்டது. வலைச் சட்டத்தை உட்பக்கம் தனிக் கதவாக வைத்தால் கழற்றாமல் துடைக்கலாம்.

காரைக்குடி ஜன்னல் இரண்டிலும் கதவுகள் நாலு பாகமாக இருக்கின்றன, மேலே இரண்டு, கீழே இரண்டு. மத்தியானம் மேல் இரண்டையும் சாத்திக் கீழ் இரண்டை மட்டும் திறந்து வைப்போம். வெயில் வராது, தரையோடு காற்று வரும். அத்தை அங்கேதான் படுக்கிறார்.

முதல் ஐப்பசியில், நாலு நாள் விடாமல் பெய்த மழையில், வேம்பில் செய்த சாமி அறைக் கதவு இறுகிவிட்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறந்தது. ஆசாரியை வரச் சொல்லி, "ஏனுங்ண்ணா, ஒரு ஓரம் இழைச்சுக் குடுத்துருங்க" என்றேன். அவர் இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கதவு உரசுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "இது ஈரத்துல ஊதுனதுங்க அம்மிணி. இப்ப எழச்சா பங்குனில விரல் நுழையற சந்து விழும். தை வரட்டும், அப்பவும் புடிச்சா கூப்புடுங்க" என்று சொல்லி, காபி குடித்துவிட்டு, கூலி வாங்காமல் போய்விட்டார். மார்கழி பாதியில் ஒருநாள் விளக்கு வைக்கப் போனபோது ஒரு விரலால் தள்ளினேன், திறந்தது. பென்சில் கோடு இன்னும் கதவில் இருக்கிறது. எண்ணெய் துடைக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைக்கிறேன்.